நான் நிறுத்தச் சொன்ன மாத்திரை

தொண்ணூறுகளின் நடுவில் என் தம்பி பம்பாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த தறி வேலையை விட்டுவிட்டு, கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டோடு வந்து தங்கினான். கல்யாணம் ஆகாதவன். வந்த ஆறு மாதத்தில் மூன்று தடவை நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் விழுந்தான். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, எச்.ஐ.வி. முற்றிய நிலை என்றார்கள். என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கேட்டவர்களிடம், "வடக்கத்தித் தண்ணி ஒத்துக்கலைங்க" என்று சொல்லிவைத்தோம்.

டாக்டரம்மா பொறுமையானவர். "எதிர்த்து நிக்கற சக்தி இவருக்கு ரொம்பக் கொறஞ்சுபோச்சுங்க. நம்மள ஒண்ணும் பண்ணாத கிருமிகூட இவரச் சாய்ச்சுப்போடும். அது வராமத் தடுக்கத்தான் இந்த மாத்திரை. தெனமும் ஒண்ணு, விடவே கூடாது" என்றார். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அரைவேக்காட்டு முட்டை ஆகாது. வெளியில் மோர், ஜூஸ் எதுவும் கூடாது. எல்லாவற்றையும் அப்படியே செய்தேன்.

பத்தாம் நாள் அவன் கழுத்திலும் கையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. அந்த வாரம்தான் என் மகளைப் பெண் பார்க்க சத்தியமங்கலத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். மாத்திரையால் வந்த தடிப்பு என்று எனக்குப் புரிந்தது. டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"கண்ணு, அவங்க வந்துட்டுப் போறவரைக்கும் மாத்திரைய நிறுத்திக்கறியா?"

அவன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "சரீங்க்கா."

வந்தவர்கள் அவனைக் கவனிக்கவே இல்லை. ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்து ஒரு வரன் வருவதாகப் பேச்சு எழுந்தது. மாத்திரையை மறுபடி எடுத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். நிமோனியா.

"மாத்திரை விடாமப் போட்டாருங்களா?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அவன், "உடம்பெல்லாம் தடிச்சுதுங்க. நாந்தான் நிறுத்திப்போட்டேன்" என்றான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தடிச்சா எங்கிட்ட வந்து சொல்லோணுமல்லங்க? அதுக்கும் வழி இருக்குது" என்று கோபித்துக்கொண்டார். காய்ச்சல் இறங்கியதும், தன் கண் முன்னாலேயே துளி அளவில் ஆரம்பித்து, நாளுக்கு நாள் கூட்டி, முழு மாத்திரைக்குக் கொண்டுவந்தார். இந்த முறை தடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். "ஏங்கண்ணு, எம்பேரச் சொல்லல?"

"உங்களத் திட்டுவாங்கல்லங்க்கா."

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தான். ஒரு நாள்கூட மாத்திரை தவறவில்லை; நெஞ்சுச் சளியும் திரும்பவில்லை. கடைசியில் மூளையில் வேறேதோ தொற்று வந்து இறந்துபோனான். அதற்கும் அந்த நிமோனியாவுக்கும் தொடர்பில்லை என்று டாக்டர் சொன்னார். எனக்கு அப்படி நினைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த நிமோனியாவோடு அவன் உடம்பில் பாதி போய்விட்டது. அதை நான் கண்ணால் பார்த்தவள்.

இறப்புச் சான்றுக்கான காகிதங்கள் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூடப் பொறந்தவங்க இந்தளவுக்கு யாருங்க பாக்கறாங்க?" என்றார். உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.