சும்மா சொன்ன சொல்

போன மாதம் திருநெல்வேலி டவுனில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன்.

எனக்குப் பாளையங்கோட்டையில் சொந்த வீடு இருக்கிறது. மழை பெய்தால் அடுக்களையில் ஒழுகும்... ஆனாலும் சொந்த வீடு. அப்புறம் எதற்கு வாடகை வீடு என்கிறீர்களா? எல்லாம் என் சிநேகிதர் ஆறுமுகத்தின் ஏற்பாடு.

ஆறுமுகம் சேரன்மகாதேவிக்காரர். தபால் ஆபீஸ் வேலை. வேலைக்கு ஏற்ற மாதிரி எதையும் இரண்டு தடவை முத்திரை குத்திப் பார்த்துத்தான் நம்புவார். அவர் மகள் கோமதிக்கு ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை பெயர் சுந்தரம். மின்சார வாரியத்தில், வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கிற உத்தியோகம். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோவும் பிடித்துவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றுதான் — விசாரிப்பு.

விசாரிப்பு தெரியுமல்லவா? மாப்பிள்ளை குடியிருக்கிற தெருவுக்கே போய், அவனைப் பற்றி நாலு பேரிடம் கேட்டுவிட்டு வருவது. பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஆறுமுகத்துக்கு அதில் ஒரு தனிக் கொள்கை உண்டு.

"கல்யாணத்துக்கு விசாரிக்கோம்னு சொன்னா ஒருத்தனும் உண்மையச் சொல்ல மாட்டான்வே. தங்கமான பையன்னு சொல்லி அனுப்பிச்சிருவான். வாடகைக்கு வீடு பாக்க வந்திருக்கோம்னு சொல்லுவோம். பேச்சுவாக்குல பைய கேட்டுக்கிடலாம்" என்றார்.

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. வினை அங்கேதான் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. தெருமுனையில் ஒரு டீக்கடை. பெஞ்சில் நாலு இளவட்டங்கள், ஒரு பேப்பரை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் டீ சொல்லிவிட்டு, ஆளுக்கொரு கிளாஸோடு பக்கத்தில் உட்கார்ந்தோம். ஆறுமுகம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, இந்தத் தெருவுல ஒரு வீடு காலியா இருக்குன்னாவ. பக்கத்துல ஈ.பி.ல வேலை பாக்குற சுந்தரம்னு ஒருத்தர் இருக்காராமே... ஆளு எப்படி? தொந்தரவு ஒண்ணும் இருக்காதே?"

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரன் — அவன் பெயர் குமார் — சொன்னான்.

"சுந்தரமா? அவனால என்ன தொந்தரவு அண்ணாச்சி வரும்? அது பொட்டைல்லா!"

பெஞ்சே குலுங்குகிற மாதிரி சிரிப்பு. டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டரும் சேர்ந்துகொண்டார்.

அந்தச் சொல்லை, பத்திரிகைக்கு எழுதுகிற இந்த வாரப் பத்தியில் ஒரு தடவைதான் எழுதுவது என்று இருக்கிறேன். எழுதியாயிற்று. சொன்னவன் முகத்தில் துளிக்கூட விரோதம் இல்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். ஒரு செல்லப் பெயரைச் சொல்வது போலத்தான் சொன்னான்.

ஆனால் ஆறுமுகத்தின் முகம்! பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். விறுவிறுவென்று பஸ் ஸ்டாப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஓடிப்போய் கையைப் பிடித்தேன்.

"என்னவே இது, இப்படிச் சொல்லுதானுவ?"

"சும்மா கேலிக்குச் சொல்லுதானுவ. அதுக்குப் போயி..."

"கேலியா நெசமான்னு நீரு எப்படிவே கண்டீரு? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம் பிள்ளைல்லா வீட்டுல வந்து உக்காந்து அழுவா? குடிப்பானான்னு கேக்கலாம், சீட்டாடுவானான்னு கேக்கலாம். இத யார்ட்டவே போயிக் கேக்க?"

நியாயமான கேள்விதான். ஒரு பெண்ணின் வாழ்க்கையும் ஒரு பையனின் பெயரும், பாதி குடித்த டீயோடு அந்த பெஞ்சில் கிடந்தன. வீடு பார்க்கிற வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அவரை இழுத்துக்கொண்டு திரும்பவும் கடைக்கு வந்தேன்.

"தம்பி, உண்மையைச் சொல்லிருதேன். நாங்க வீடு பாக்க வரல. இவரு பொண்ணுக்குச் சுந்தரத்தை விசாரிக்க வந்தோம்."

நாலு பேர் முகத்திலும் ரத்தமே இல்லை.

"ஐயையோ அண்ணாச்சி, நாங்க சும்மால்லா சொன்னோம்!"

"அவன் அசல் ஆம்பள அண்ணாச்சி. சத்தியமா!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நண்பனைக் காப்பாற்றியாக வேண்டுமே!

"தண்ணியெல்லாம் போடுவான் அண்ணாச்சி!" என்றான் ஒருவன்.

"ஆனித் தேரோட்டத்துல ஒருத்தன் மண்டைய ஒடச்சிருக்கான்!" என்றான் இன்னொருவன்.

குமார் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். "டைப்ரைட்டிங் கிளாஸ் வாசல்ல ஒரு பிள்ள பின்னாலயே அலைஞ்சான் அண்ணாச்சி. அவ அண்ணன்மாரு வந்து சட்டையக் கிழிச்சிட்டுப் போனானுவ. அப்பேர்ப்பட்ட ஆளு!"

ஆறுமுகம் தலையில் கைவைத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்னால் தெரிந்தது — அத்தனையும் பொய். சுந்தரம் காப்பிக்கு மேல் எதையும் குடித்ததில்லை. மண்டையை உடைப்பதாவது... தெருவில் நாய் குரைத்தால் எதிர்ச்சாரிக்குப் போகிற சாது.

யோசித்துப் பாருங்கள். ஒருவன் ஆண்பிள்ளை என்று நிரூபிக்க அந்த நாலு பேருக்கும் கிடைத்த சாட்சியங்கள் என்ன? குடி, அடிதடி, ஒரு பெண்ணைத் துரத்தியது. சம்பளத்தைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுக்கிறான், யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை என்று சொல்ல ஒருவனுக்கும் தோன்றவில்லையே!

அந்த நேரம் பார்த்து சுந்தரமே சைக்கிளில் வந்துவிட்டான். கேரியரில் மாவு டப்பா. மில்லில் திரித்துக்கொண்டு வருகிறான் போல... சட்டையெல்லாம் மாவு.

குமார் பாய்ந்துபோய் ஹாண்டில்பாரைப் பிடித்தான்.

"லே சுந்தரம், நல்ல நேரத்துல வந்தலே. அண்ணாச்சி ஒனக்குப் பொண்ணு குடுக்க விசாரிக்க வந்திருக்காவ. நாங்க வெளையாட்டுக்கு ஒன்னைய... அதான், அந்தப் பேரச் சொல்லிட்டோம். நீ அது இல்லன்னு ஒம் வாயாலயே ஒரு வார்த்த சொல்லிருலே."

ஒரே ஒரு வார்த்தை. 'இல்லை' என்று சொன்னால் போதும். நாங்கள் எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுந்தரம் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டான். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்த்துக் கும்பிட்டான். அவன் முகத்தில் கோபம் இல்லை. ஆனால் ஏதோ ஒன்று இறுகிக்கொண்டது தெரிந்தது.

"ஆறாங்கிளாஸ்ல இருந்து இவனுவ என்னைய அப்படித்தான் கூப்பிடுதானுவ அண்ணாச்சி. அம்மைக்கு மேலுக்குச் சரியில்ல, வீட்டு வேலையெல்லாம் நான்தான் பாப்பேன். சண்டைன்னா ஒதுங்கிப் போயிருவேன். அதுக்காச்சுட்டி அந்தப் பேரு. எனக்குப் பழகிட்டு. என்னைய விடுங்க. இதே பேரு செல்லப்பாவுக்கும் உண்டு..."

செல்லப்பா என்ற பெயர் வந்ததும் பெஞ்சில் இருந்த மூன்று பேரும் பேப்பருக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டார்கள்.

"எங்க கூடப் படிச்சவன் அண்ணாச்சி. அவனுக்குப் பேச்சு, நடை எல்லாம் பொறப்புலயே அப்படி. அவனுக்கு அது கேலி இல்ல. கிளாஸ்ல, ஆத்துல, கோயில்ல, எங்கன போனாலும் அந்தப் பேருதான். பிளஸ் டூ பரீட்சைகூட எழுதாம ஊர விட்டே போயிட்டான். பம்பாய்லங்காவ... இருக்கானா இல்லையான்னு ஒருத்தருக்கும் தெரியாது. அந்தா தெரியுது பாருங்க, தெருக் கடைசி வீடு. அவன் அம்மா மட்டும் இருக்காவ. மீட்டர் பாக்க நான்தான் போவேன். ஒவ்வொரு தடவையும் கேப்பாவ, 'ஒனக்காவது ஒரு லெட்டர் போட்டானாய்யா?'ன்னு. 'வேட்டி கட்டிட்டு வந்தா என்ன, சேலை கட்டிட்டு வந்தா என்ன, வந்தாப் போதும்யா'ன்னு சொல்லுவாவ."

கேரியரில் சரிந்திருந்த மாவு டப்பாவை நிமிர்த்தி வைத்தான்.

"இப்பம் நான் இங்கன நின்னு, 'ஐயோ, நான் அது இல்ல, நான் அது இல்ல'ன்னு சத்தியம் பண்ணுனா, அது ஏதோ களவாணிப் பட்டம் மாதிரில்லா ஆயிரும்? அடுத்த தடவ மீட்டர் பாக்கப் போகையில அந்த அம்மா முகத்துல நான் எப்படி அண்ணாச்சி முழிப்பேன்? பொண்ணு குடுக்கதும் குடுக்காததும் ஒங்க இஷ்டம். டீ சாப்பிட்டியளா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

குமார் காலி கிளாஸையே உருட்டிக்கொண்டிருந்தான். "செல்லப்பா போனதுக்கு நாங்க என்ன அண்ணாச்சி செஞ்சோம்? சும்மா..." என்று ஆரம்பித்தான். அந்த 'சும்மா'வுக்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

ஆறுமுகம் எழுந்தார். பஸ் ஸ்டாப்புக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, தெருக் கடைசியைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

கடைசி வீட்டு வாசலில் ஒரு அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து, "யாரு?" என்று கேட்டார்கள். ஆறுமுகத்துக்கு நாக்குக் குழறிவிட்டது. காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்ததுதான் வந்தது.

"ஒண்ணுமில்ல... வாடகைக்கு ஏதும் வீடு இருக்கான்னு..."

"மாடியில ஒரு ரூம் காலியாத்தான் கெடக்கு. ஆனா அத விடுததுக்கு இல்ல பாத்துக்கிடுங்க. எம் பிள்ளைக்கு வச்சிருக்கேன். திடீர்னு வந்து நின்னான்னா அவனுக்கு எடம் வேணும்லா?"

ஆறுமுகம் அந்த அம்மாவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். பஸ் ஜங்ஷனுக்கு வந்ததும் சொன்னார். "பயம் இன்னும் போவலவே. ஆனா அந்தப் பையன் அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருந்தான்னா, நான் சந்தோசமா எந்திரிச்சு வந்திருப்பேன். அந்த அம்மா இருக்காவன்னே தெரிஞ்சிருக்காது."

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. போகிற இடத்திலெல்லாம் அந்தச் சொல்தான் காதில் விழுந்தது. அதுவும் அதன் அண்ணன் தம்பிகளும். மைதானத்தில் கேட்ச் விட்டால் அது. மழைக்குக் குடை பிடித்தால் அது. சினிமாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டால் அது. ஆபீசில் ஒரு மேலதிகாரி குமாஸ்தாவைப் பார்த்துக் கத்துகிறார், "நீயெல்லாம் ஆம்பளையாய்யா?" ஒரு ஃபைலை முடித்து அனுப்புவதற்கு ஆண்மை எதற்கு சார்? பேனா இருந்தால் போதாதா?

பெண்களுக்கு வைத்திருக்கிற சொற்களைக் கேட்கவே வேண்டாம். தெருக்குழாயில் குடம் முந்திவிட்டால் போதும்... ஒரு பெண்ணின் ஒழுக்கம் முழுவதும் தண்ணீரோடு ஓடிவிடும். கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றே. 'சும்மா கோபத்துல வந்திட்டு.' 'சும்மா வெளையாட்டுக்கு.'

சொல்கிறவனுக்குச் சும்மாதான். பல்லிடுக்கில் மாட்டிய பாக்கைத் துப்புகிற மாதிரி துப்பிவிட்டுப் போய்விடுவான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற கூட்டத்தில், அந்தச் சொல்லே தன் வாழ்க்கையாக ஒருவன் நிற்கிறானே, அவனை யார் பார்க்கிறார்கள்? சுந்தரத்திடம் ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்க அந்த நாலு பேரும் தயாராக இருந்தார்கள். 'நீ அது இல்லை' என்பதற்காக. செல்லப்பாவிடம் எந்தக் காரணத்தைச் சொல்லிக் கேட்பார்கள்?

சரி, கல்யாணம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஆறுமுகம் மகளிடம் எதையும் மறைக்கவில்லை. கோமதி பால்வாடிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்கிறவள். பொறுமையாகக் கேட்டாள்.

"குடிப்பாராமாப்பா?"

"அது அந்தப் பயலுவ விட்ட புளுகு."

"மண்டைய ஒடச்சது?"

"அதுவும்தான்."

"வீட்டு வேலை செய்வாருங்கது?"

"அது நெசம். மாவு திரிச்சிட்டு வந்தத நானே பாத்தேன்."

"நல்ல பேரு வச்சாங்க போங்க!" என்று சிரித்தாளாம். அப்புறம், "அந்தக் கடைசி வீட்டு அம்மாவுக்கு முதல்ல பத்திரிகை வைக்கச் சொல்லுங்க" என்றாளாம். அவ்வளவுதான். தையில் கல்யாணம்.

போன வாரம் சுந்தரம் என் வீட்டுக்கு வந்திருந்தான். வெகுநேரம் தயங்கிவிட்டுக் கேட்டான். "அண்ணாச்சி, நீங்க வாராவாரம் எழுதுத பத்திரிகை பம்பாய்லயும் கெடைக்குமா?"

தமிழர்கள் இருக்கிற பக்கம் கிடைக்கும் என்கிறார்கள் என்றேன்.

"அப்பம் ஒண்ணு எழுதுவியளா?"

வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வாரம் கடைசி நாலு வரி உங்களுக்கு இல்லை.

தம்பி செல்லப்பா... இது உன் நிஜப் பெயர் இல்லை. எல்லாப் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் மாவு டப்பாவை வைத்தே ஆளைக் கண்டுபிடித்திருப்பாய். உன் சிநேகிதனுக்குக் கல்யாணம். நீ வருவதாக ஒரு கார்டு போட்டால் குமார் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பானாம். உன்னிடம் பேச வேண்டுமாம், எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லையாம். வேட்டியோ சேலையோ, உனக்கு எது சௌகரியமோ அதில் வா.

மாடி ரூமை இன்னும் வாடகைக்கு விடவில்லை. நானே நேரில் போய் விசாரித்துவிட்டேன்.