தபால் பெட்டியில் அப்பாவின் பெயர்

குமாரபாளையத்திலிருந்து ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள் நான். அதற்கு முன்பு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடம் இருந்தேன். அங்கே சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்கள். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

ஜெர்மனியில் சேர்ந்த முதல் வாரம், மருத்துவமனை அலுவலகத்துப் பெண்மணி ஒரு படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"சமூகக் காப்பீட்டு எண் உங்கள் வீட்டுக்குத் தபாலில் வரும். வந்ததும் என்னிடம் காட்டுங்கள். வேலை மாறினாலும் ஆயுசுக்கும் அதே எண்தான்" என்றார்.

படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தது. எனக்கு அப்படி ஒன்று கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. அதையே எழுதிக் கொடுத்தேன்.

ஐந்து வாரம் ஆகியும் தபால் வரவில்லை. என்னோடு சேர்ந்த பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு எப்போதோ வந்துவிட்டது. விசாவில் ஏதோ கோளாறு, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டே அலுவலகத்துக்குப் போனேன். அந்தப் பெண்மணி எங்கோ போன் செய்து விசாரித்தார்.

"கடிதம் வந்து திரும்பிப் போயிருக்கிறது. அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லையாம்."

"நான் அங்கேதானே இருக்கிறேன்?"

"தபால் பெட்டியில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறீர்கள்?"

என் பெயரைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுக்குமாடி வீடுகளுக்கு இங்கே கதவு எண் கிடையாது, தபால்காரர் குடும்பப் பெயரைத்தான் தேடுவார் என்று பொறுமையாக விளக்கினார்.

அன்று சாயங்காலமே அப்பாவின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டியில் ஒட்டினேன். வீடியோ காலில் அதை அப்பாவுக்குக் காட்டினேன். அவர் முப்பது வருடத்துக்கும் மேலாக விசைத்தறிப் பட்டறையில் வேலை செய்கிறவர்.

"எம்பேர எதுக்கு சாமி அங்க ஒட்டி வெச்சிருக்கற?"

சொன்னேன். அந்த எண் இருந்தால் வேலை போனாலும் வயதானாலும் கைவிட மாட்டார்கள் என்றும் சொன்னேன்.

"வயசானா சும்மா குடுப்பாங்களா?"

"சும்மா இல்லீங்கப்பா. எஞ்சம்பளத்துல ஒரு பங்கு புடிப்பாங்க. ஆஸ்பத்திரியும் ஒரு பங்கு போடும்."

"எங்க மொதலாளி தீவாளிக்கு போனஸ் குடுப்பாருல்ல" என்றார். அவருக்கு பி.எஃப். உண்டா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டேன். இல்லை என்றார். அது ஒரு குறை என்பது போல அவர் சொல்லவில்லை.

மறுபடி அனுப்பிய கடிதம் பத்து நாளில் வந்தது. எண்ணின் நடுவில் என் பிறந்த தேதி, அதையடுத்து அப்பா பெயரின் முதல் எழுத்து. அலுவலகத்தில் காட்டினேன். அந்தப் பெண்மணி நகல் எடுத்துக்கொண்டு, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த வருடம் லீவில் ஊருக்கு வந்தபோது, அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியம் தருகிற தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்ய அப்பாவைக் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கூட்டிப் போனேன். அம்மாவும் கூட வந்தாள். கம்ப்யூட்டரில் இருந்த பெண் அப்பாவின் ஆதாரைப் பார்த்தாள்.

"அறுவது தாண்டிருச்சுங்களே. புதுசா பதிய முடியாதுங்க."

"அதுல இருக்கற பொறந்த வருசம் நானா ஒரு குத்துமதிப்பா சொன்னதுங்க. அத்தன வயசு ஆகலைங்க" என்றார் அப்பா.

"பொறப்புச் சான்றிதழ் இருக்குங்களா?"

இல்லை. பள்ளிக்கூடச் சான்றிதழும் இல்லை. நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். அந்தப் பெண் மேல் தப்பில்லை என்று பேசும்போதே தெரிந்தது. அப்பா என் கையைத் தொட்டு, "உடு சாமி" என்றார்.

அந்தப் பெண்ணே அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க என்ன வேல பாக்கறீங்கம்மா?"

"ஊட்டுலதானுங்க. சும்மா தார் சுத்துவேன்."

தார் என்பது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல்கண்டு. விடிந்ததிலிருந்து அம்மா அதைத்தான் சுற்றிக்கொண்டிருப்பாள்.

"அதுவும் தொழில்தானுங்க. உங்களுக்கு அறுவது ஆகலீல்ல? பதிஞ்சுக்கலாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். "என்னையுமா?" என்றாள். போட்டோ எடுக்கும்போது முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்கார்ந்தாள். வாரிசு என்ற இடத்தில் அப்பாவைப் போட்டார்கள்.

நான் திரும்பிப் போன பிறகு அம்மாவுக்கு அட்டை வந்தது. போனில் எண்ணை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். அப்பா எங்கே என்று கேட்டேன். பகல் ஷிஃப்ட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள்.