பைத்தானுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு வரி

பெருந்துறையில் ஒரு சாயப்பட்டறை. சாயத்தொட்டியின் வெப்பத்தை அளக்கும் நிரலை என்னுடன் வேலை பார்க்கும் ஷாஹிதா சி மொழியில் எழுதியிருந்தார். அதை அழைத்துத் திரையில் காட்டும் பைத்தான் நிரல் என்னுடையது. மறுநாள் தொட்டியில் துணி ஏற வேண்டும். திரையிலோ தாறுமாறான எண்கள். "கோளாறு சி நிரலில்தான்" என்று பட்டறை முதலாளிக்கு மெயில் தட்டிவிட்டேன்.

மதியமே ஷாஹிதா கோவை காந்திபுரத்தில் பஸ் பிடித்து வந்துவிட்டார். என் நிரலைப் படித்தார்.

"ஏனுங்க, சி-யில இருந்து தசம எண் வரும்னு பைத்தானுக்குச் சொல்லலீங்களா?"

சொல்லவில்லை. சொல்லாவிட்டால், வருவதை முழு எண் என்றே பைத்தான் எடுத்துக்கொள்ளும். தெரிந்த விஷயம்தான், மறந்துவிட்டேன். அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் திரையில் 82.5 வந்தது. தொட்டியில் இருந்த வெப்பமானியும் அதையே காட்டியது. அப்பாடா என்று சாய்ந்தேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "யாரு பக்கமுங்க தப்பு?"

"ரெண்டையும் இணைக்கிற எடத்துலங்க. சரி பண்ணிப்போட்டோம்" என்றார் ஷாஹிதா.

நல்லவேளை, ஷாஹிதா என் மெயிலைப் பார்க்கவில்லை என்று நினைத்தபடி வீடு திரும்பினேன். அந்த மெயிலைத் திறந்து பார்த்தால், நகல் போனவர்களில் முதல் பெயரே அவருடையது. படித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார்.

தப்பு என்னுடையது என்று அத்தனை பேருக்கும் மறுபடி எழுதினேன். அதுவும் ஒரே வரிதான். அதை அனுப்பிய பிறகுதான் எனக்கு நிஜமாகவே மூச்சு வந்தது.