வரிசையில் நில்லுங்கள், நான் உட்பட

ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச்சில் அம்மா எல்லாரிடமும் "எங்க ஸ்டெல்லா பெரிய கம்ப்யூட்டரைப் பாத்துக்கறா" என்பார். உண்மையில் நான் பார்த்துக்கொள்வது அதன் வாசல் கேட்டைத்தான். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடம். ஐந்து லேப்களின் கம்ப்யூட்டர்களை இணைத்து கிரிட் என்று ஒன்று வைத்திருக்கிறோம். பெரிய கணக்கைக் கொடுத்தால், துண்டு துண்டாக்கி, சும்மா இருக்கும் மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். யாருக்கு உள்ளே விடும் பாஸ், அது எத்தனை நாளைக்கு, யார் முதலில் என்பதெல்லாம் என் தலையில். பாஸ்வேர்டு மறந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, உங்களுக்கு இது புரியும்.

எல்லாருக்கும் அவசரம்

அவசர வேலைக்கென்று தனி வரிசை ஒன்று திறந்தேன். ஒரே வாரத்தில் மொத்தக் கூட்டமும் அங்கே போய் அடைத்துக்கொண்டது. பிஎச்.டி. செய்யும் சுமா மட்டும் சாதாரண வரிசையில் போட்டு, எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டாள். எப்படியம்மா என்றால், "அக்கா, அங்க ஈ காக்கா இல்ல, அதான் போட்டேன்!"

தலைவருக்கும் அதே

சதாசிவம் சார் எங்கள் கிரிட் கமிட்டித் தலைவர். மல்லேஸ்வரத்துக்காரர், தங்கமான மனுஷர், பொறுமை மட்டும் கிடையாது. "என் கணக்கைக் கொஞ்சம் முன்னாடி தள்ளும்மா" என்று வந்தார். "எல்லாருக்கும் ஒரே வரிசைதான் சார்" என்று சொல்லிவிட்டேன். முகம் சிவந்துவிட்டது. "எங்க ஏரியாவுல மசால் தோசைக்குக்கூட நான் இவ்வளவு நேரம் நின்னதில்லம்மா!"

சுத்தம் செய்த லட்சணம்

ஆறு மாதமாக ஒரு கணக்கும் ஓட்டாதவர்களின் பெயரை நீக்க ஒரு குட்டி புரோகிராம் எழுதி ஓட்டினேன். திங்கட்கிழமை மத்தியானம் உள்ளே போகப் பார்த்தால், என்னையே விடவில்லை! காவல் காப்பவள் எந்தக் காலத்தில் கணக்கு ஓட்டினாள்? முதலில் போனது என் பெயர்தான்.

அந்த நேரம் பார்த்து சுமா ஓடி வந்தாள். அவளுடைய தீசிஸ் கணக்குக்கு அன்று ஒன்பதாம் நாள். இன்னும் மூன்று நாள் பாக்கி. பாஸ் அன்று நாலு மணியோடு முடிகிறது. பாஸ் முடிந்தால் கணக்கு நின்றுவிடும், நின்றால் மறுபடி முதலிலிருந்து. தீசிஸ் கொடுக்க வேண்டியதோ வெள்ளிக்கிழமை. பாஸை நீட்டிக்க என்னால்தான் முடியும், என்னைத் திரும்பச் சேர்க்கத் தலைவர் கையெழுத்து வேண்டும். அவளுக்குக் கண் கலங்கி, கன்னடத்தில் கடவுளையே கூப்பிட்டுவிட்டாள். "அய்யோ தேவரே! கதவைப் பூட்டிட்டு சாவிய உள்ளயே போட்டுட்டீங்களா அக்கா?"

மணி மூன்று

திரும்பச் சேர்க்கும் ஃபாரத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'என் முட்டாள்தனம்' என்று எழுதிக்கொண்டு ஓடினேன். சார் அறை வாசலில் மூன்று மாணவர்கள். எட்டிப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்குத்தானே? மூணு பேர்தான், நேரம் இருக்கு. பின்னாடி நில்லு." நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை மணி நேரத்தைப் பார்த்ததில்லை. என் முறை வந்ததும், படிக்கக்கூட இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். அதைக் காட்டி என் பெயரைத் திரும்பச் சேர்க்க வைத்து, நாலடிக்க ஆறு நிமிஷம் இருக்கும்போது சுமாவின் பாஸை நீட்டித்தேன். வியாழக்கிழமை கணக்கு முடிந்தது. மறுநாள் தீசிஸ் போனது. மைசூர்பாகோடு வந்தவளிடம் சார் என்னைக் காட்டிச் சொன்னார்: "தோசைக்கு நான் நிக்கிறதவிட இவ ரொம்ப ஒழுங்கா நின்னாம்மா!"

இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை, இரண்டும் இரண்டும் எத்தனை என்று நானும் கிரிட்டில் ஒரு கணக்கு ஓட்டிக்கொள்கிறேன், அதுவும் சாதாரண வரிசையில்தான்.