வெல்லம் தொட்ட கிழங்கு

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்... நான். என் மகன் செங்கோடன். அவன் சம்சாரம் பாவாயி. அவர்கள் பிள்ளை ராசு, இரண்டு வயது. வேறு ஆள் இல்லை.

பிள்ளைக்கு விஷக் கிழங்கைக் கொடுத்தவன் நான். பழி விழுந்தது பாவாயி தலையில். கேட்டபோது பொய் சொன்னேன்.

சொல்லிவிட்டேன். இனிப் படிப்பதும் மூடி வைப்பதும் உங்கள் பாடு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஜேடர்பாளையத்துக்குப் பக்கம். ஆற்றுப் பாய்ச்சல், கரும்பு. மகன் ஆத்தூரில் அரிசி மில்லில் எஞ்சின் ஓட்டப் போய்விட்டான். இன்றைக்கு அது உங்களுக்குத் தூரமில்லை. அப்போது யுத்த காலம். கரி போட்டு ஓட்டும் பஸ். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். பேரன் பிறந்து நான் பார்த்தது ஒரே தரம். என் வீட்டுக்காரி அதுவும் பார்க்காமல் போய்ச் சேர்ந்தாள்.

அந்த வருஷம் கரும்பாலை ஓய்ந்ததும் மகன் ஆள் விட்டுச் சொன்னான்... வந்து கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டுப் போங்கள் என்று. புது வெல்லத்தைத் துணியில் முடிந்துகொண்டு போனேன்.

சும்மா இருக்க எனக்குத் தெரியாது. உட்கார்ந்து தின்றால் சோறு இறங்காது. போன மறுநாளே பாவாயியிடம் வேலை கேட்டேன். கொல்லைக்கு அடுத்த காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மரவள்ளி என்பீர்களே, அதுதான். அவள் ஒரு கூடை வாங்கி வந்து, தோல் சீவச் சொல்லிக் கத்தியைக் கொடுத்தாள்.

எங்கள் பக்கம் சர்க்கரைவள்ளி உண்டு, பனங்கிழங்கு உண்டு. இது அப்போது கிடையாது.

"மாமா, பச்சையா வாயில வெச்சுப்புடாதீங்க. கசப்புக் கெழங்குங்க. வேக வெச்சுத் தண்ணியக் கொட்டோணும். போன மாசம் இதத் தின்னு ஆடு ஒண்ணு செத்தே போச்சுங்க."

"அத ஆட்டுக்குச் சொல்லு சாமி. நான் மண்ணுலயே பொறந்து வளந்தவன்."

"ஆடும் மண்ணுலதானுங்க மாமா பொறந்துச்சு!"

செங்கோடன் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். விழுந்து விழுந்து சிரித்தான். "ஏனுங்கப்பா, ஊருக்கே நாயம் சொல்றவுங்கள எம்பொண்டாட்டி மடக்கிப்புட்டாளே!"

நானும் சிரித்தேன். வாய்தான் சிரித்தது. உள்ளே குத்தியது. மண்ணைப் பற்றி எனக்கு ஒரு சின்னப் பெண் சொல்வதா! அதை என் மகன் ரசிப்பதா!

இத்தனை சின்ன விஷயமா என்று கேட்பீர்கள். ஆமாம். இத்தனை சின்ன விஷயம்தான்.

மகன் போனான். பாவாயி பிள்ளைக்குத் தயிர்ச்சோறு ஊட்டிவிட்டு, துணி துவைக்கக் கிணற்றுக்குப் போனாள். நான் சீவிக்கொண்டிருந்தேன். பிள்ளை என் மடியில் வந்து ஏறிக்கொண்டான்.

எங்கள் காட்டில் ஒரு வழக்கம். மண்ணிலிருந்து புதிதாக எது வந்தாலும் முதல் கடி வீட்டுச் சிறுசுக்கு. கடலையானாலும் சரி, வள்ளியானாலும் சரி. வேட்டியில் துடைத்து, மண் வாசம் போகுமுன் பச்சையாகக் கொடுப்போம். என் அப்பன் எனக்குக் கொடுத்தான். நான் செங்கோடனுக்குக் கொடுத்தேன்.

முதலில் நான் ஒரு துண்டு கடித்தேன். லேசாகக் கசந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பொம்பளை பயம் என்று எண்ணிக்கொண்டேன்.

பிள்ளைக்குக் கொடுத்தேன். துப்பினான். அப்போதாவது விட்டேனா? வெல்லத்தை உடைத்து, கிழங்கின் மேல் தேய்த்துக் கொடுத்தேன். தின்றான்.

"அப்பாரு... இன்னம்" என்று கை நீட்டினான். இன்னமும் கொடுத்தேன்.

அவள் எச்சரிக்காமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா? எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவள் வேண்டாம் என்றதனால்தான் கொடுத்தேன் போலிருக்கிறது...

கொஞ்ச நேரத்தில் பிள்ளை வாந்தி எடுத்தான். வெள்ளை வெள்ளையாக வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளையைத் தூக்கவில்லை. அடுப்புச் சாம்பலை அள்ளி வாந்தியின் மேல் கொட்டினேன். கூட்டி வெளியே எறிந்தேன். அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் தூக்கினேன். கழுத்து நிற்கவில்லை.

பாவாயி துணியோடு உள்ளே வந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். துருத்தி போல் மூச்சு வாங்கியது அவனுக்கு. உதடு நிறம் மாறிப்போயிருந்தது. அவள் போட்ட கூப்பாட்டில் பக்கத்துக் காட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரோ மில்லுக்கு ஓடினான். யாரோ வண்டி கட்டினான். வண்டியில் நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சில்லிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்தார். "என்ன தின்னான்?"

"தயிர்ச்சோறுங்க" என்றாள் பாவாயி.

"பச்சைக் கிழங்கு ஏதாவது தின்னானா? இந்தப் பக்கம் அப்படி வர்றது உண்டு. மறைக்காம சொல்லுங்க. அதுக்கு வைத்தியம் வேற."

பாவாயி என் பக்கம் திரும்பினாள். செங்கோடனும் அப்போது வந்துவிட்டான். கையெல்லாம் எண்ணெய், ஓடி வந்த மூச்சு.

"மாமா... அந்தக் கெழங்குல ஏதாச்சும் எடுத்து வாயில வெச்சானுங்களா?"

சொல்ல வேண்டியது ஒரு சொல்! ஆமாம் என்ற ஒரு சொல்!

"இல்ல" என்றேன். "நாந்தான் பாத்துக்கிட்டே இருந்தனே."

செங்கோடன் அவள்மேல் பாய்ந்தான். "எங்கப்பன் மேல பழியப் போடறயா? நீ என்ன குடுத்தே? அதச் சொல்லு. எப்ப ஒறை குத்துன தயிரு?"

"முந்தாநேத்துதானுங்க..." அவள் குரல் இறங்கிப்போயிற்று. "புளிச்சிருந்துச்சுங்க. கெட்டுப் போகலீன்னு நெனைச்சேன்..."

டாக்டர் கெட்டுப்போன சோற்றுக்கு வைத்தியம் பார்த்தார்.

ஏன் சொல்லவில்லை? பயமா? வெட்கமா? உள்ளதைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் நான் பிள்ளையின் உயிரை நினைக்கவில்லை. காலையில் சிரித்த என் மகன் முகம் எப்படி மாறும் என்பதை நினைத்தேன். பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறான்... நான் என் மரியாதையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்!

பிள்ளை பிழைத்தான். மறுநாள் பொழுது சாயக் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். மருந்தோ, அம்மனோ, எனக்குத் தெரியாது. நான் இல்லை. அது மட்டும் தெரியும்.

அப்போது பாவாயி செய்ததைக் கேளுங்கள். அத்தனை பேர் முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் என் காலில் விழுந்தாள்.

"உங்க மேலயே சந்தேகப்பட்டுட்டனுங்க மாமா. புத்தி கெட்டுக் கேட்டுப்புட்டேன். மன்னிச்சுப் போடுங்க."

"எந்திரி சாமி" என்றேன். அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதமும் செய்தேன்! கிழங்கில் வெல்லம் தேய்த்த அதே கை.

வீட்டுக்குப் போகும் வழியில் மாரியம்மன் கோயில் முன் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, கோயில் கிணற்றில் தலை முழுகி, ஈரத் துணியோடு நின்று சொன்னாள்: "எங் கையால ஆன தப்புக்கு, இவன் கழுத்துல கல்யாண மாலை ஏறற வரைக்கும் உப்பில்லாமத்தான் திம்பேன் தாயே."

நான் வண்டியில் இருந்தேன். பிள்ளை என் மடியில் தூங்கினான். எல்லாம் காதில் விழுந்தது.

ஆலை ஓய்ந்ததும் வருஷா வருஷம் போகிறேன். ராசு பள்ளிக்கூடம் போகிறான். என்னைக் கண்டால் கழுத்தைக் கட்டிக்கொள்வான். அவன் நன்றாக இருக்கிறான். பாவாயி நன்றாக இல்லை. உப்பில்லாத களியைத் தின்றுவிட்டு நாற்று நடப் போகிறாள். வெயிலில் மயங்கி வயலிலேயே விழுந்திருக்கிறாள். கன்னம் ஒட்டிவிட்டது. விட்டுவிடு என்று செங்கோடனே கெஞ்சிப் பார்த்தான். "தப்பு என்னுதுங்க. சாமிக்குச் சொன்ன சொல்ல எப்படிங்க மாத்தறது?" என்கிறாள்.

தப்பு அவளுடையது இல்லை என்று சொல்லக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான்.

போன தடவை சொல்லிவிடுவது என்றே போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். போய் உட்கார்ந்ததும் இலை போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினாள்.

"உப்பு சரியா இருக்குதுங்களா மாமா? நாக்குல வெச்சுப் பாக்க முடியாதுங்களே. கைக்கணக்குல போட்டிருக்கறனுங்க."

ராசு முகத்தைச் சுளித்தான். "அம்மா, ஒரே கரிப்பு!"

"பெரியவங்க பேசாம சாப்புடறாங்க பாரு" என்று அவனை அதட்டிவிட்டு என்னையே பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். இப்போது சொல்... இப்போது சொல்...

"சரியா இருக்குது சாமி" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். அத்தனையும் தின்றேன். வாய் எரிந்தது. மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

உங்களிடம் எப்படிச் சொல்ல முடிந்தது என்கிறீர்களா? நீங்கள் போய் அவளிடம் சொல்லப்போவதில்லை. அதனால்தான்.

பாவாயி நாக்கில் உப்புப் பட்டு ஆறு வருஷம்.