அண்ணனுக்கு அருள் வந்த மாலை

இது நடந்தது சில ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில். ஈப்போவுக்கு வடக்கே, செமோர் பக்கம் ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், வசிக்கிறோம். ரப்பர் தோட்டத்தை விற்றபோது, அங்கே பால் வெட்டிய குடும்பங்களுக்குக் கிடைத்த மலிவு வீடுகள் எங்களுடையவை.

வீட்டில் அம்மா, அண்ணன், நான். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முழுதாக முடித்துப் பட்டமும் வாங்கிய முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். மருத்துவமனை, வங்கி என்று எங்கே போனாலும் வீட்டுக்காகப் பேசுவது நான்தான்.

அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. இருபது வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து போதை ஊசிக்குப் பழகிவிட்டார். ஒரே ஊசியை நாலைந்து பேர் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பிறகு மீண்டார். மீண்டார் என்றால், தினமும் காலையில் அரசாங்கக் கிளினிக்குக்குக் கிளம்பிவிடுவார். அங்கே மருந்தாளரின் கண்ணெதிரே, சின்னக் கோப்பையில் தரும் மெத்தடோன் என்ற மருந்தைக் குடிப்பார். அது உள்ளே இருக்கும்வரை உடம்பு பழையதைக் கேட்காது. குடித்துவிட்டு நேராக வேலைக்குப் போவார். மழை, காய்ச்சல், தீபாவளி எதற்கும் தவறியதில்லை.

அதே கிளினிக்கில் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் ஹெப்படைட்டிஸ் சி இருப்பது தெரிந்தது. அந்தப் பழைய ஊசிகள் விட்டுப்போன கிருமி. இத்தனை வருடமும் சத்தமில்லாமல் அவர் கல்லீரலைத் தழும்பாக்கிக் கொண்டிருந்திருக்கிறது. நானும் கூடப் போயிருந்தேன். இப்போது நல்ல மாத்திரை வந்துவிட்டது, மூன்று மாதம் போல சாப்பிட்டால் கிருமி போய்விடும், ஸ்கேன் முடிவு வந்ததும் தொடங்கலாம் என்றார் டாக்டர். நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். மெத்தடோன் இந்தச் சிகிச்சைக்கு இடைஞ்சல் இல்லை, அதை நிறுத்தவே கூடாது. வலி மாத்திரை, நாட்டு மருந்து, எதுவானாலும் கேட்காமல் சாப்பிடக் கூடாது. வீட்டுக்கு வந்து அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அண்ணன் சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"டாக்டரம்மா சொல்லிட்டாங்க லா. இனி மூச்சு விடுறதுக்கும் கேட்டுட்டுத்தான் விடணும்."

அம்மாவுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. மகன் போதையிலிருந்து விடுபட்டால் பால் காவடி. அந்த வருடம் அதை எடுத்துவிடுவதென்று அண்ணன் மாலை போட்டார். ஒரு வேளைச் சைவச் சாப்பாடு, வெறும் தரையில் தூக்கம்.

ஒரு மாலை காவடி எடுப்பவர்களும் வீட்டாரும் எங்கள் தாமான் கோயிலில் கூடியிருந்தோம். கோயில் வேலைகளை இழுத்துப்போட்டுச் செய்யும் ஒருவர், சின்ன வயதில் அண்ணனோடு பந்து விளையாடியவர், எல்லோர் முன்னாலும் அவரைச் சீண்டினார்.

"என்ன மச்சான், காலைல கவர்மெண்ட் கடைல ஒரு கிளாஸு, சாயங்காலம் சாமியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "அது மருந்துண்ணே" என்றேன்.

"மருந்துதாம்மா, யாரு இல்லேன்னா? ஆனா சுத்தம்னா சுத்தம்தான்லா."

அண்ணனும் சேர்ந்து சிரித்தார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு அதே கோயிலில் உறுமி மேளத்தோடு பூசை. அண்ணன் முன்னால் நின்றார். முதலில் கொட்டாவிமேல் கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. பிறகு கைகால் நடுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற நான் கையைப் பிடித்தேன். ரோமமெல்லாம் சிலிர்த்து நின்றது. வேர்வையில் பிடி நழுவியது.

"சாமி வந்துருச்சு! ஏய், சாமி வந்துருச்சு!" என்று பின்னாலிருந்து ஒரு அக்கா கத்தினார்.

மேளம் வேகமெடுத்தது. அண்ணனைச் சீண்டிய அதே ஆள் ஓடிவந்து அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசி, காலில் விழுந்தார். அண்ணன் எதிரே வந்தால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்த பெண்கள், அன்று பிள்ளைகளை அவர் முன்னால் நீட்டி ஆசி கேட்டார்கள். அம்மா அழுத அழுகையை என்னால் சொல்ல முடியாது. நானும் கைகூப்பினேன்.

தைப்பூசத்தன்று ஈப்போவில் காவடி எடுத்தார். வெயிலில் தார் ரோடு கொதித்தது. வழியில் இரண்டு முறை ஓரமாக ஒதுங்கிக் குமட்டினார். வெறும் வயிறு, அதனால்தான் என்றோம். கோயிலில் பாலை இறக்கி வைத்ததும் அம்மா அவர் முகத்தை முந்தானையால் துடைத்து, "என் கடன் முடிஞ்சிருச்சுப்பா" என்றார்.

மறுநாள் அண்ணன் படுக்கையை விட்டு எழவில்லை. தூக்கமில்லாத கண் என்று அம்மா சொன்னார். நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். கண் மஞ்சளாக இருந்தது. மாலைக்குள் வாய் குழறியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

என்ன மருந்து சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். மெத்தடோன் மட்டும்தான் என்று நான் உறுதியாகச் சொன்னேன். அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார். நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் தெளிவாக இருந்தபோது என்னை அருகே கூப்பிட்டார்.

"அந்தக் கிளினிக் தண்ணிய விட்டுட்டேன் பாப்பா. கோயில்ல அவன் கேட்ட மறுநாளே விட்டுட்டேன். கிளினிக்ல வெளியூர் வேலைன்னு சொல்லிட்டேன்."

"ஏண்ணே? விடக் கூடாதுன்னு அவ்ளோ சொன்னாங்களே!"

"அத குடிக்கிறவரைக்கும் அம்மா வேண்டுதல் எப்படி முடிஞ்சதாவும்? ஆனா எலும்பெல்லாம் பிச்சி எடுத்துச்சு. கடைல வலி மாத்திரை வாங்கி வாங்கிப் போட்டேன். காய்ச்சலுக்குச் சின்னப் புள்ளைக்கே குடுக்குறோம்லா, அதுதான்."

"அப்போ கோயில்ல அன்னிக்கு..."

அவரே சொன்னார்.

"அது சாமி இல்ல. உடம்பு மருந்த கேட்டுச்சு. சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மா அழுவுறத பார்த்தேன். அப்புறம் எங்க சொல்றது? நீயும் அம்மாகிட்ட சொல்லிடாத."

நல்ல கல்லீரலுக்கே அந்த மாத்திரை அளவு மீறினால் ஆபத்து என்று டாக்டர் பிறகு விளக்கினார். தழும்பான கல்லீரல், அதோடு விரதத்தில் காய்ந்த வயிறு. ஒரு வேளை இரண்டு வேளை அல்ல, நாள் முழுக்க விழுங்கியிருக்கிறார். கல்லீரல் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டிருந்தது. டாக்டர் யாரையும் குறை சொல்லவில்லை. "கிருமிக்கு மாத்திரை தொடங்க இருந்தவர்தானே" என்று மட்டும் மலாயில் கேட்டார்.

அண்ணன் வீடு திரும்பவில்லை.

சாவு வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சுதான் பேசினார்கள். "சாமி ஏறுன உடம்புலா. அதான் சாமியே கூட்டிக்கிட்டாரு." அம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். இன்றும் யார் வந்தாலும் அந்த மாலையைத்தான் சொல்கிறார். சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும்.

அண்ணனைச் சீண்டியவரிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் சும்மா வெளையாட்டுக்குத்தானேம்மா..." என்றார். அவரைத் திட்டத்தான் போயிருந்தேன். திட்டாமல் வந்துவிட்டேன்.

அண்ணனுக்குச் சுத்தம் வெளியே எங்கோ இருக்கவில்லை. தினமும் காலையில் அந்தக் கோப்பையைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாரே, அதுதான் அவர் இருந்த பெரிய விரதம். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் அப்போது தெரியவில்லை.

மருந்து சாப்பிடும் ஒருவர் விரதம் தொடங்குகிற வீட்டில் யாராவது இதைப் படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன். அம்மா படிக்க மாட்டார். சின்ன வயதிலேயே தோட்ட வேலைக்கு அனுப்பப்பட்டவர், எழுத்தே தெரியாது. அதற்காக எத்தனையோ முறை வருந்திய நான், இன்று முதல் முறையாக அதை நினைத்து நிம்மதி அடைகிறேன். அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததுதான் இன்றும் என்னை அழ வைக்கிறது.