எந்தப் பக்கம் விடுவார்கள்?

திருமழிசையில் எங்கள் கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரர் அவர். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் சிவந்த கழுத்து. கூடவே இருந்து கவனிக்கிற வேலை எனக்கு. கரையான்சாவடியில் அவருக்கு ரூம். கம்பெனி வேன் நிற்பதோ ரோட்டுக்கு அந்தப் பக்கம். நான் கையைப் பிடித்து இழுத்தாலும் ரோட்டில் இறங்கமாட்டார். டீக்கடை வாசலில் படுத்திருக்கும் செவலை நாய் எதிரே உள்ள கறிக்கடைக்குக் கிளம்பும்போது, அதன் பின்னாலேயே கடப்பார். அது நின்றால் நிற்பார்.

"இன்னா நைனா, உங்க தொரைக்கு நாய்தான் டிராபிக் போலீஸா?" என்று டீக்கடைக்காரர் சிரிப்பார்.

ஒரு காலை நாயைக் காணோம்.

"கருத்தடை ஆபரேஷனுக்கு வண்டில புடிச்சிகினு போய்ட்டாங்க. காதுல அடையாளம் வெட்டி, இங்கியே வுட்ருவாங்க" என்றார் டீக்கடைக்காரர்.

நல்ல சேதி என்று உற்சாகமாக மொழிபெயர்த்தேன். ஜெர்மன்காரர் முகம் தெளியவில்லை.

"ரோட்டின் எந்தப் பக்கம் விடுவார்கள்?"

"எந்தப் பக்கம் விட்டா என்ன சார்?"

"தையல் போட்ட வயிற்றோடு அதனால் ஓட முடியாது. இங்கே ஓடாமல் கடக்க முடியாது."

ஊருக்குக் கிளம்பும்போதும் கார் கண்ணாடியை இறக்கி அதையேதான் கேட்டார்.

மறுநாள் காலை நாய் வந்துவிட்டது, இடது காதில் வெட்டோடு. அவசரமாகப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "இது கறிக்கடைப் பக்கம்."

அப்போதுதான் கவனித்தேன். டீக்கடையைப் பார்த்தபடி நாய் ரோட்டோரம் நின்றது. ஒரு காலை முன்னே வைக்கும்; லாரி வந்தால் பின்வாங்கும். போனைப் பையில் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் போய் நின்றேன். தினமும் கடக்கிற ரோடுதான். அன்றைக்கு எப்போது இறங்குவதென்று எனக்கும் தெரியவில்லை.